ஓரம் வெட்ட எத்தனை பிளேடு?

கேள்வி: செங்கோட்டை பக்கம் சின்ன சா மில் வைத்திருக்கிறோம். பேண்ட் சாவில் (வளைய ரம்பத்தில்) பலகை இழுத்து, பட்டை ஓரத்தை மேஜை ரம்பத்தில் ஆள் தள்ளித்தான் எடுக்கிறோம். நாளைக்கு 80 முதல் 100 கன அடி ஓடும். தேக்கு, வேம்பு, வாகை எல்லாம் வரும். இனி ஓரம் வெட்ட எட்ஜர் மெஷின் வாங்கலாம் என்று பார்த்தால், விற்பவர் ஐந்து பிளேடு, 40 எச்.பி. போடச் சொல்கிறார். இரண்டு பிளேடு போதாதா ஐயா?

– ஒரு வாசகர்

பதில்: தாராளமாகப் போதும். ஐந்து பிளேடு மெஷின் ஒரே அகலத்தில் நாள் முழுக்க ரீப்பர் (ஒல்லிச் சட்டம்) இழுப்பவர்களுக்கு. உங்களுக்கு வருவதோ கோணல் வேம்பும், அடி பருத்து நுனி சிறுத்த தேக்கும். பலகைக்குப் பலகை அகலம் மாறும். ஒரு பிளேடு நிலையாகவும் மற்றது ஷாஃப்டில் (பிளேடு சுழலும் தண்டில்) நகரும்படியும் உள்ள மெஷினைப் பாருங்கள். நிமிடத்துக்கு 30 அடி ஓடினாலே 10 அடிப் பலகை 20 விநாடியில் வெளியே வந்துவிடும். அதற்குள் உங்கள் பேண்ட் சா அடுத்த பலகையைத் தராது.

2 அங்குலக் கனம் வரை 15 எச்.பி. இழுக்கும். மோட்டார் 1440 சுற்று என்றால், மோட்டாரில் 8 அங்குலப் புல்லி, ஷாஃப்டில் 4 அங்குலம் போட்டு 2880 ஆக்குங்கள். 12 அங்குல பிளேடுக்கு அது சரியான வேகம்.

தேக்கில் சிலிக்கா உண்டு, சாதாரண ஸ்டீல் பல்லைச் சீக்கிரம் மழுக்கிவிடும். அதைவிடக் கடினமான கார்பைடு பல் போடுங்கள். ஆனால் ரோட்டோர வேம்பில் விளம்பரத் தட்டி அடித்த ஆணி உள்ளே புதைந்து கிடக்கும். ஒரு ஆணி போதும், கார்பைடு பல் உடைந்து தெறிக்க. வேம்புக்குப் பழைய ஸ்டீல் பிளேடு ஒரு ஜோடி தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மெஷினில் லேசர் கோடு கட்டாயம் இருக்கட்டும். ஓரம் வெட்டும் மேஜையில் இருபது வருஷம் நின்றவன் சொல்கிறேன், காசு போவது அங்கேதான். 6 அங்குலம் தேற வேண்டிய பலகையில் அவசரத்துக்கு அரை அங்குலம் கூட வெட்டினால் பன்னிரண்டில் ஒரு பங்கு விறகாகிறது. எல்லாப் பலகையிலும் அப்படியே போனால் 96 கன அடிக்கு 8 கன அடி. சிவப்புக் கோடு பலகை மேல் விழுந்தால் பட்டை எங்கே முடிகிறது, வெள்ளை (வெளி மரம்) எவ்வளவு, வைரம் (உள் மரம்) எங்கே தொடங்குகிறது என்று பார்த்துத் தள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது, பலகை பின்னால் பாயாமல் குத்திப் பிடிக்கும் தடுப்பு நகங்கள். வாகைப் பலகை சிலது அறுக்க அறுக்க வாய் மூடி பிளேடைப் பிடிக்கும். முதலில் சத்தம் கனக்கும், அடுத்த நொடி பலகை வந்த வழியே திரும்பிப் பாயும். நான் இருந்த மில்லில் நகம் இல்லாத மேஜை ரம்பம். என் எதிரே நின்ற பையன் விலாவில் ஒரு மரக் கீற்று இறங்கியது. மூன்று மாசம் படுத்தான். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

செகண்ட் ஹேண்ட் மெஷின் பார்க்கப் போனால், கரண்டை நிறுத்திவிட்டு ஒரு பலகையை நகங்களுக்குக் கீழே நுழைத்துப் பின்னால் இழுங்கள். நகம் மரத்தில் குத்தி நிற்க வேண்டும். பலகை வழுக்கி வந்தால் எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள்.