கார்பன் நானோபொருள்களும் இரத்தக் குழாய்ச் செல்களும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பென்சில் முனையில் இருப்பதும் கார்பன்தான், அடுப்புக்கரியும் கார்பன்தான். அப்படியிருக்க, கார்பன் நானோகுழாய் மட்டும் இரத்தக் குழாய்க்குக் கேடு விளைவிக்கும் என்று ஏன் சொல்கிறார்கள்?

பதில்: தனிமம் ஒன்றுதான், ஆனால் செல்லுக்கு அந்தத் தனிமத்தின் பெயர் தெரியாது, அதைத் தொடும் துகளின் அளவும் வடிவமும் மேற்பரப்பும்தான் தெரியும். நானோகுழாய் என்பது கார்பன் அணுக்களாலான தகடு சுருண்டதுபோன்ற நுண்ணிய குழாய். ஒரே தகடு சுருண்ட, அதாவது ஒற்றைச் சுவர் கொண்ட நானோகுழாயின் விட்டம் ஏறத்தாழ 1 முதல் 2 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). நீளமோ அதைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல் இருக்கலாம். ஒரு கிராம் தூளில் அடங்கியுள்ள மேற்பரப்பு மிகப் பெரியது என்பதால் வேதிவினைகளுக்கான இடமும் மிகுதி.

இரத்தக் குழாயின் உட்புறத்தை எண்டோதீலியம் எனப்படும் ஒற்றை அடுக்குச் செல்கள் மூடியிருக்கின்றன. குழாயைத் தளர்த்துவதும், இரத்தம் தேவையின்றி உறையாமல் காப்பதும், வெள்ளணுக்கள் சுவரில் ஒட்டாமல் தடுப்பதும் இவற்றின் வேலை. இந்த மூன்றிலும் இச்செல்கள் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடுக்குப் பெரும் பங்கு உண்டு. நானோதுகள்கள் செல்லுக்குள் ஆக்சிஜன் தனியுறுப்புகளை (எளிதில் வினைபுரிந்து செல்லைச் சிதைக்கும் ஆக்சிஜன் வடிவங்களை) பெருக்கும்போது, அவற்றில் ஒன்றான சூப்பராக்சைடு நைட்ரிக் ஆக்சைடுடன் வினைபுரிந்து அதைப் பெராக்சிநைட்ரைட்டாக மாற்றிவிடுகிறது. குழாயைத் தளர்த்த வேண்டிய மூலக்கூறு அவ்வாறு குறையும் அதே வேளையில், செல்லின் மேற்பரப்பில் ஐகேம்-1, விகேம்-1 ஆகிய ஒட்டுப் புரதங்கள் கூடுகின்றன. இரத்தத்தில் செல்லும் மோனோசைட்டுகள் எனும் வெள்ளணுக்கள் அவற்றைப் பற்றிக்கொண்டு சுவருக்குள் நுழைகின்றன. தமனிச் சுவரில் கொழுப்புப் படிவு சேரும் தமனித் தடிப்பு நோயின் தொடக்கப் படியும் இதுவேயாகும்.

கேள்வி: நான் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. தொப்புள்கொடிச் சிரையிலிருந்து எடுத்த எண்டோதீலியச் செல்களுக்கு நானோகுழாய் கொடுத்தபோது எம்டிடி சோதனை (சாயத்தின் நிற மாற்றத்தால் உயிருள்ள செல்களை அளப்பது) பாதிச் செல்கள் இறந்ததாகக் காட்டுகிறது. செல்சவ்வு சிதைந்தால் வெளியேறும் எல்டிஎச் நொதியின் கசிவோ ஏறக்குறைய இல்லை. எதை நம்புவது?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் நம்ப வேண்டாம்; முதலில் எம்டிடியைச் சந்தேகியுங்கள். உயிருள்ள செல் அந்தச் சாயத்தை ஃபார்மசான் படிகமாக மாற்றும். அப்படிகம் நானோகுழாயின் மேல் இறுக ஒட்டிக்கொள்வதால் கரைப்பானில் முழுமையாகக் கரையாது. நிறம் குறைகிறது, செல் இறந்துவிட்டது என்று கருவி சொல்கிறது. 2006-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே ஆய்வாளர்கள் இதை நுரையீரல் செல்களில் தெளிவாகக் காட்டினர். நீரில் கரையும் ஃபார்மசானைத் தரும் டபிள்யூஎஸ்டி-1 சோதனையில் அதே நானோகுழாய்கள் நச்சுத்தன்மை எதையும் காட்டவில்லை. எல்டிஎச் நொதியையும் துகள்கள் தம்மீது ஈர்த்துக்கொள்ளக்கூடும். ஆகவே அதன் குறைந்த அளவும் முழு நிம்மதி தராது. செல்லே இல்லாத ஊடகத்தில் துகளையும் சாயத்தையும் சேர்த்து ஒரு கட்டுப்பாட்டுச் சோதனை செய்துவிட்டு, நுண்ணோக்கியில் செல்களை எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது தூய்மை. நானோகுழாய் வளர்க்கப் பயன்படும் இரும்பு, நிக்கல், கோபால்ட் ஆகியவற்றின் எச்சம் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை (ஆக்சிஜன் தனியுறுப்புகள் பெருகிச் செல்லை வதைக்கும் நிலையை) தானே உண்டாக்கும். பாக்டீரியாவின் உறையிலிருந்து வரும் எண்டோடாக்சின் என்னும் நச்சு சிறிதளவு கலந்திருந்தாலும் எண்டோதீலியச் செல்கள் ஐகேம்-1 புரதத்தைக் கூட்டிவிடும். அதை நானோகுழாயின் விளைவு என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. மூன்றாவது, அளவு. மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று ஊற்றிவிட்டுக் கிடைக்கும் முடிவை, மூச்சுவழி வந்து இரத்தத்தைச் சேரும் மிகச் சிறு அளவோடு ஒப்பிட முடியாது. இத்துறையில் வெளியாகும் பல கட்டுரைகளின் பெருங்குறை இதுதான் என்பது என் கருத்து. செல் சாகிறதா என்பதைவிட, சாகாத அளவில் அது நைட்ரிக் ஆக்சைடு சுரப்பதைக் குறைக்கிறதா, மோனோசைட்டுகளை ஒட்டவிடுகிறதா, அண்டைச் செல்லுடன் உள்ள பிணைப்பைத் தளர்த்துகிறதா என்று பார்ப்பதே பயன் தரும்.

கேள்வி: மூச்சில் போகும் துகள் இதயத்துக்கு அருகிலுள்ள குழாய்களை எப்படிப் பாதிக்கும்? அது நுரையீரலைத் தாண்டுமா?

பதில்: தாண்டும் என்பதற்குக் கார்பன் அல்லாத ஒரு சான்று வலுவானது. எடின்பரோவைச் சேர்ந்த குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தன்னார்வலர்கள் சுவாசித்த தங்க நானோதுகள்கள் இரத்தத்திலும் சிறுநீரிலும் தென்பட்டதோடு, கழுத்துத் தமனியின் அழற்சியுற்ற படிவுகளிலும் சேர்ந்திருந்தன. ஆனால் கார்பன் நானோகுழாய்கள் கொத்துக் கொத்தாகத் திரண்டு நுரையீரலிலேயே பெரும்பாலும் தங்கிவிடுவதால், அவற்றைப் பொறுத்தவரை மறைமுக வழிக்கே நான் கூடுதல் எடை தருவேன். நுரையீரலில் எழும் அழற்சியிலிருந்து வெளிவரும் சைட்டோகைன்கள் என்னும் சமிக்ஞைப் புரதங்கள் இரத்தத்தில் கலந்து, துகளையே பார்த்திராத எண்டோதீலியத்தையும் தூண்டுகின்றன. 2007-இல் அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் ஆய்வாளர்கள், ஒற்றைச் சுவர் நானோகுழாய்களை எலிகளின் சுவாசப் பாதையில் செலுத்தினர்; பெருந்தமனியில் மைட்டோகாண்ட்ரியாவின் (செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பின்) டிஎன்ஏ சிதைவும், தமனித் தடிப்புக்கு ஆளாகும் மரபுவகை எலிகளில் படிவு விரைந்து வளர்வதும் காணப்பட்டன.

மறுபக்கமும் உண்டு. 2024-இல் வெளியான எடின்பரோ, மான்செஸ்டர் குழுக்களின் ஆய்வில் 14 ஆரோக்கியமான தன்னார்வலர்கள், கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராம் அளவுள்ள மிகத் தூய கிராபீன் ஆக்சைடை (ஆக்சிஜன் சேர்ந்த மிக மெல்லிய கார்பன் தகடுகளை) இரண்டு மணி நேரம் சுவாசித்தனர். இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், நுரையீரல் திறன், அழற்சிக் குறியீடுகள் எதுவும் மாறவில்லை. உடலுக்கு வெளியே செய்த சோதனையில் மட்டும் இரத்தம் உறையும் போக்கு சற்றே கூடியது. ஒருமுறை சுவாசித்ததன் முடிவை, ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவருக்குப் பொருத்த இயலாது.

கேள்வி: டயர் ஆலையில் கார்பன் பிளாக் மூட்டைகளைக் கையாள்கிறேன். நானோகுழாய்க்குச் சொல்வதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

பதில்: அப்படியே பொருந்தாது. ரப்பரை வலுவூட்டச் சேர்க்கும் கரும்பொடியான கார்பன் பிளாக்கின் அடிப்படைத் துகள்கள் பல பத்து நானோமீட்டர் அளவுள்ளவை என்றாலும், அவை உருகி ஒட்டிய திரள்களாகவே காற்றில் பறக்கின்றன. நார்வடிவமும் அவற்றுக்கு இல்லை. நியோஷ் பரிந்துரைத்த வரம்புகளே வேறுபாட்டைச் சொல்லும்: கார்பன் பிளாக்குக்குக் கன மீட்டருக்கு 3.5 மில்லிகிராம், நானோகுழாய்களுக்கு வெறும் 1 மைக்ரோகிராம். எனினும் மூட்டை பிரிக்கும் இடம்தான் தூசி மிகுந்த இடம். அங்கு உறிஞ்சு காற்றோட்டமும், துணியைக் கட்டிக்கொள்வதற்குப் பதிலாக முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தும் துகள் வடிகட்டி முகமூடியும் இருக்க வேண்டும். ரப்பரில் கலந்து இறுகிய பின் அதே கார்பன் பிளாக் மூச்சில் ஏறாது.

கேள்வி: கீழடிப் பானை ஓடுகளில் கார்பன் நானோகுழாய் கிடைத்ததாகப் படித்தேன். நம் முன்னோர் அதில் சமைத்து உண்டார்கள் என்றால் அது பாதுகாப்பானது என்றுதானே பொருள்?

பதில்: 2020-இல் வெளியான கட்டுரை, ஓடுகளின் உட்பூச்சில் நானோகுழாய்கள் இருப்பதைத்தான் காட்டியது, அவர்கள் உடல்நிலையைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. சுட்ட பூச்சில் இறுகிப் பதிந்திருப்பதும் தூளாகப் பறப்பதும் ஒன்றல்ல.

கேள்வி: ஃபுல்லரீன் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் என்கிறார்கள். இரத்தக் குழாய்க்கு நன்மை செய்யும் கார்பன் நானோபொருளே இல்லையா?

பதில்: 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் நானோகுழாய்களும் பிற கார்பன் துகள்களும் இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைத் திரளச் செய்து எலியின் கழுத்துத் தமனியில் உறைவை விரைவுபடுத்தின, 60 கார்பன் அணுக்கள் பந்துபோல் இணைந்த சி60 ஃபுல்லரீன் மட்டும் தட்டணுக்களைத் திரளச் செய்யவில்லை. ஆனால் அடுத்த ஆண்டிலேயே, நீரில் கரையும்படி ஹைட்ராக்சில் தொகுதிகள் சேர்த்த ஃபுல்லரீன், அதிக அளவில் கொடுத்தபோது எண்டோதீலியச் செல்களைக் கொன்றதாக மற்றோர் ஆய்வு காட்டியது. ஆகவே கடைகளில் விற்கும் ஃபுல்லரீன் எண்ணெய்களை வாங்கி உட்கொள்ள நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நன்மைக்கான நம்பிக்கை வேறொரு திசையில் இருக்கிறது. 2020-இல் ஸ்டான்ஃபோர்டு, மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தகுந்த பூச்சிட்ட ஒற்றைச் சுவர் நானோகுழாய்களில் மருந்தேற்றி எலிகளுக்குச் செலுத்தினர். தமனிப் படிவில் இறந்து கிடக்கும் செல்களை மேக்ரோஃபேஜ்கள் எனும் துப்புரவுச் செல்கள் விழுங்குவதற்குத் தடையாக இருந்த சமிக்ஞையை அம்மருந்து நிறுத்தியதால் படிவு குறைந்தது. இது இன்னும் விலங்கு ஆய்வு நிலையில்தான் உள்ளது; மருத்துவரிடம் கேட்டுப் பெறக்கூடிய சிகிச்சை அல்ல.