நற்செய்தியைத் தினமும் வாசிக்கிறேன், பத்து மணிக்குள் மறந்துவிடுகிறது

கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

காலையில் எழுந்ததும் அன்றைய நற்செய்தி வாசகத்தை வாசித்துவிடுவேன். பிறகு கைப்பேசிக்கு வரும் இரண்டு மூன்று சிந்தனைகளையும் படிப்பேன். படிக்கும்போது மனசு நிறைவாக இருக்கும். வேலைக்குப் போய்ப் பத்து மணி ஆனால் என்ன வாசித்தேன் என்பதே நினைவில் இருக்காது. போன வாரம் மத்தேயு 5:20-26 வந்தது. குறிப்பேட்டில் 'நாமும் மன்னித்து வாழ்வோம்' என்று எழுதினேன். அன்று மாலையே வீட்டில் சண்டை. முந்தைய பக்கங்களைப் புரட்டினால் எல்லாம் ஒரே மாதிரி: அன்பு செய்வோம், நம்பிக்கையோடு இருப்போம், பிறருக்கு உதவுவோம். இது தியானமா, வெறும் பழக்கமா? பல பகுதிகள் சிறு வயது முதல் கேட்டுப் பழகியவை, புதிதாக எதுவும் தோன்றுவதில்லை. இதற்கிடையே எங்கள் செபக்குழுவில் வாரம் ஒரு முறை மூன்று நிமிடம் நற்செய்திச் சிந்தனை சொல்லும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எப்படித் தயாரிப்பது?

அன்புடன்,
ஒரு வாசகி

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

குறிப்பேட்டில் நீங்கள் எழுதிய அந்த வரியையே எடுத்துக்கொள்வோம். 'நாமும் மன்னித்து வாழ்வோம்.' நல்ல வரிதான். ஆனால் அதை எழுத மத்தேயு 5:20-26 தேவைப்படவில்லை. நற்செய்தியில் வேறு எத்தனையோ பகுதிகளின் கீழேயும் அதை எழுதிவிடலாம். போதாததற்கு, அந்தப் பகுதி கேட்பதும் அது இல்லை.

மறுபடி வாசித்துப் பாருங்கள். காணிக்கை செலுத்த வந்தவருக்குப் பலிபீடத்தருகே என்ன நினைவுக்கு வருகிறது? சகோதரருக்குத் தன்மேல் மனத்தாங்கல் இருப்பது. சகோதரர்மேல் நமக்கு வரும் கோபத்தையும், வாயில் வரும் 'முட்டாளே', 'அறிவிலியே' போன்ற பேச்சையும் 22ஆம் வசனமே முடித்துவிட்டது. 23இல் ஆள் இடம் மாறுகிறார். புண்பட்டவர் அங்கே, புண்படுத்தியவர் இங்கே, அதாவது நாம். மன்னிக்கிறவராக நம்மை வைத்துக்கொண்டு வாசிப்பது எல்லாருக்கும் சுலபமாக வருகிறது. உங்களுக்கு வந்த சிந்தனைகளும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கும் என்று ஊகிக்கிறேன்.

அடுத்தது, செய்ய வேண்டியவற்றின் வரிசை. காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போக வேண்டும், முதலில் நல்லுறவு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும், பின்பு வந்து செலுத்த வேண்டும். இதைக் கேட்டவர்களில் பலர் கலிலேயர். பலிபீடமோ எருசலேம் கோவிலில். கலிலேயாவிலிருந்து நடந்து போனால் ஏறக்குறைய மூன்று நாள். காணிக்கையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, பேசித் தீர்த்து, மறுபடி எருசலேம் வருவதென்றால் ஒரு வாரம் போய்விடும். அந்தச் சிரமத்தையெல்லாம் இயேசு கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. 25, 26ஆம் வசனங்களில் பேச்சு வழக்கு மன்றம், சிறை, கடைசிக் காசு என்று போகிறது. மனத்தாங்கலுக்குப் பின்னால் திருப்பிக் கொடுக்காத பணமும் இருக்கலாம் என்பதற்கு இடம் இருக்கிறது. அப்படியானால் இனிமையாகப் பேசி மட்டும் அது தீராது, பணத்தைக் கொடுத்தாக வேண்டும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு எழுதும் வரி வேறு மாதிரி இருக்கும். 'இன்று மதிய இடைவேளையில் அக்காவை அழைத்து, அன்று விருந்தினர் முன்னால் எடுத்தெறிந்து பேசியதற்கு மன்னிப்புக் கேட்பேன்.' யாரிடம், எப்போது, என்ன என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. இரவில் 'செய்தாயா' என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லலாம். 'மன்னித்து வாழ்வோம்' என்பதை அப்படிச் சோதிக்கவே முடியாது. பத்து மணிக்கு அது மறந்துபோவதில் வியப்பில்லை, மனம் பிடித்துக்கொள்ள அதில் ஒரு பிடி கிடையாது. 'வாழ்வோம்' என்ற பன்மையையும் விட்டுவிடுங்கள். குறிப்பேட்டில் தன்மை ஒருமை மட்டும் போதும்.

ஓர் எச்சரிக்கை. அடிக்கிறவரிடமும் மிரட்டுகிறவரிடமும் தனியாகத் திரும்பிப் போகச் சொல்லும் வசனமாக இதை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. காயம்பட்ட தரப்பில் நீங்கள் இருந்தால், 24ஆம் வசனத்தின் சுமை உங்கள்மேல் இல்லை. நீங்கள் புண்படுத்தியவர் 'என்னைத் தொடர்பு கொள்ளாதே' என்று சொல்லியிருந்தால், முதலில் ஆன்ம குருவிடம் கேளுங்கள். நம் மனச்சுமையை இறக்கிவைக்க இன்னொருவர் அமைதியைக் கலைப்பது நல்லுறவில் சேராது.

இனி, காலை வாசிப்பு எங்கே சறுக்குகிறது என்று பார்ப்போம். அடுத்தவர் சிந்தனையை உடனே படித்துவிடுகிறீர்கள். நல்ல சிந்தனையாக இருந்தாலும், உங்களுக்கு வர வேண்டிய கேள்விக்குப் பதிலாக எழுதியவருக்கு வந்த விடை வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவற்றை மாலைக்குத் தள்ளுங்கள். காலையில் திருவிவிலியம் மட்டும், முடிந்தால் அச்சுப் புத்தகம். கைப்பேசியில் வாசித்தால் மூன்றாம் வசனத்துக்குள் ஏதாவது ஓர் அறிவிப்பு எட்டிப் பார்க்கும்.

12ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியன் சபைத் துறவி இரண்டாம் குயிகோ, இறைவார்த்தையை வாசித்துச் செபிக்கும் முறையை வாசிப்பு, தியானம், செபம், ஆழ்நிலைச் செபம் (சொல்லின்றி இறைவன்முன் இருத்தல்) என்று நான்கு படிகளாக எழுதி வைத்தார். செயலில் வந்து சேரும்வரை இந்த வாசிப்பு நிறைவடைவதில்லை என்று திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் இறைவார்த்தை பற்றிய 2010ஆம் ஆண்டு ஊக்கவுரையில் (எண் 87) சேர்த்துச் சொன்னார். உங்களிடம் விடுபட்டிருப்பது நடுவில் உள்ள படிகள். வாசித்ததும் நேரே தீர்மானத்துக்குத் தாவிவிடுகிறீர்கள். அதனால்தான் ஏற்கெனவே தெரிந்த தீர்மானமே திரும்பத் திரும்ப வருகிறது.

இருபது நிமிடம் ஒதுக்க முடியுமானால் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். முந்தைய இரவே பகுதியை ஒரு முறை வாசித்துவிடுங்கள். படுத்த பிறகு, தூங்குவதற்குமுன், ஓர் 'அருள் நிறைந்த மரியே' சொல்லும் நேரம் மறுநாள் தியானத்தை நினைத்துக்கொள்ளச் சொல்கிறார் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார். காலையில் முதல் ஆறு நிமிடம் வாசிப்புக்கு, அதுவும் வாய்விட்டு, இரண்டு முறை. இரண்டாம் முறை வாசிக்கும்போது பேசுகிறவர் யார், கேட்கிறவர் யார், இதற்குமுன் என்ன நடந்தது என்று மட்டும் பாருங்கள். லூக்கா 15இல் காணாமல் போன ஆட்டின் உவமை யாருக்குச் சொல்லப்பட்டது? இயேசு பாவிகளோடு உணவருந்துகிறார் என்று முணுமுணுத்த பரிசேயருக்கும் மறைநூல் அறிஞருக்கும். முதல் இரண்டு வசனங்களை விட்டுவிட்டால் அந்தக் காரம் போய்விடும். அடுத்த ஏழு நிமிடம், உங்களை நிறுத்திய ஒரு சொற்றொடரில் நில்லுங்கள். பிடித்த வரியைவிட இடறுகிற வரி பெரும்பாலும் பயன் தரும். மீதி வசனங்கள் அப்படியே கிடக்கட்டும். தேடியது கிடைத்த இடத்திலேயே நின்றுகொள், அடுத்ததுக்குப் போக அவசரப்படாதே என்பது இஞ்ஞாசியாரின் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூல் தரும் அறிவுரை (எண் 76). பிறகு ஐந்து நிமிடம் ஆண்டவரிடம் அதைப் பற்றியே பேசுங்கள், பேசி முடித்துச் சும்மா இருங்கள். கடைசி இரண்டு நிமிடம் அந்த ஒரு வரியை எழுத. பத்து நிமிடம்தான் கிடைக்கும் என்றால் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள், செபத்தை மட்டும் அடியோடு விட்டுவிடாதீர்கள்.

கேட்டுப் பழகிய பகுதிகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கதை தெரியும் என்ற எண்ணத்தில் கண் தாண்டிப் போகிறது, அவ்வளவுதான். மாற்கு 10:17-27ஐ எடுத்துக்கொள்ளுங்கள், பொதுக்காலம் (திருவருகை, தவக்காலம் போன்ற சிறப்புக் காலங்கள் அல்லாத நாள்கள்) 8ஆம் வாரத் திங்களன்று வருவது. செல்வர் ஓடி வந்து முழந்தாள்படியிடுகிறார். இயேசு கட்டளைகளை அடுக்குகிறார், நடுவே 'வஞ்சித்துப் பறிக்காதே' என்கிறார். பத்துக் கட்டளைகளின் பட்டியலில் அப்படி ஒன்று இல்லை. இதே நிகழ்ச்சியைச் சொல்லும் மத்தேயு 19இலும் லூக்கா 18இலும் அது இல்லை. நிறையச் சொத்து உள்ளவரிடம் மாற்கின் இயேசு ஏன் இதைக் கேட்கிறார்? இயேசு அவரை அன்போடு கூர்ந்து நோக்கினார் என்று சொல்வதும் மாற்கு மட்டும்தான். விற்றுவிடு என்ற கடினமான சொல் அந்தப் பார்வைக்குப் பிறகுதான் வருகிறது. ஒத்த பகுதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் தேடுவதுபோல், பழகிய பகுதியைத் திறக்க வேறு வழி அதிகம் இல்லை. திருவிவிலியத்தில் பகுதித் தலைப்பின் கீழேயே ஒத்த பகுதிகளின் எண்கள் கொடுக்கப்பட்டிருக்கும். டிசம்பர் 17 அன்று வரும் தலைமுறை அட்டவணையிலும் (மத்தேயு 1:1-17) இது பலிக்கும்: தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி என்று நான்கு பெண்கள் மரியாவுக்குமுன் வருகிறார்கள். அந்த நான்கு கதைகளையும் பழைய ஏற்பாட்டில் தேடி வாசித்தால் ஒரு வாரத்துக்குத் தாங்கும்.

அப்படியும் சில நாள் வறண்டுதான் இருக்கும். அன்று நேரத்தைக் குறைக்காதீர்கள். வறட்சியின்போது குறித்த நேரத்துக்கு மேல் சற்றுக் கூடுதலாக இருக்கச் சொல்கிறார் இஞ்ஞாசியார். உங்கள் கணக்குக்கு ஒரு நிமிடம் கூட இருந்தால் போதும். ஒரு நாள் விட்டுப்போனால் இரண்டு நாள் வாசகத்தைச் சேர்த்துத் தியானிக்க முயலாதீர்கள், அது வீட்டுப்பாடம் ஆகிவிடும். ஆனால் விட்டுப்போன வசனங்களை ஒரு முறை கண்ணால் ஓட்டிவிடுங்கள். பொதுக்கால வார நாள்களில் நற்செய்தி தொடர்ச்சியாகப் போகிறது: 1 முதல் 9ஆம் வாரம்வரை மாற்கு, 10 முதல் 21வரை மத்தேயு, 22 முதல் 34வரை லூக்கா. நீங்கள் வாசித்த பகுதி 10ஆம் வார வியாழனுக்கு உரியது (தவக்காலம் முதல் வார வெள்ளியிலும் வரும்). அதற்கு முந்தைய நாள் புதனன்று, திருச்சட்டத்தை அழிக்க வரவில்லை, நிறைவேற்றவே வந்தேன் என்ற பகுதி. அதைத் தெரிந்துகொண்டு வாசித்தால் வியாழனின் முதல் வசனம் எங்கிருந்து கிளம்புகிறது என்பது விளங்கும்.

இரவுக்கு வருவோம். பத்து நிமிட ஆன்ம சோதனை இல்லாமல் காலைத் தியானம் நிற்காது. இஞ்ஞாசியாரின் வரிசையில் ஐந்து படிகள்: நன்றி சொல்லுதல், பாவங்களை அறிய அருள் கேட்டல், நாளை மணிவாரியாகப் புரட்டிப் பார்த்தல், மன்னிப்பு வேண்டல், திருந்தத் தீர்மானித்தல். மூன்றாம் படியில் காலையில் எழுதிய வரியை எடுத்து, ஆம் அல்லது இல்லை என்று குறியுங்கள். 'இல்லை' என்றால் திட்டிக்கொள்ள வேண்டாம், காரணத்தை ஒரு சொல்லில் எழுதுங்கள்: மறந்தது, பயம், நேரம் தவறியது. மறந்திருந்தால் தீர்மானத்தை ஏற்கெனவே நடக்கிற ஒன்றோடு கட்டுங்கள், மதிய உணவோடு, பேருந்து ஏறுவதோடு. பயம் என்றால் தீர்மானத்தைச் சிறிதாக்குங்கள்: அழைப்பதற்குப் பதில் 'பேச நேரம் இருக்குமா' என்று ஒரு குறுஞ்செய்தி. மூன்று நாள் தொடர்ந்து 'இல்லை' வந்தால் ஒப்புரவு அருட்சாதனத்தின்போது குருவிடம் அதைச் சொல்லுங்கள். மாலைச் சண்டை அடிக்கடி நடப்பதானால், ஒரு வாரம் முழுக்க அந்த ஒரு குறையை மட்டும் கவனிக்கலாம். கோபச் சொல் வந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி வைத்து, நேற்றைய வரியோடு இன்றைய வரியை ஒப்பிடும் முறை 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலிலேயே இருக்கிறது. சண்டை எந்த நேரத்தில் தொடங்குகிறது என்பது சில நாளில் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

செபக்குழுச் சிந்தனைக்கு இதையெல்லாம் கொண்டுபோகத் தேவையில்லை. மூன்று நிமிடம் என்றால் நிதானமாகப் பேச 250 சொல்லுக்குமேல் எழுதாதீர்கள். வாசித்து முடித்த பகுதியைக் கதையாகத் திரும்பச் சொல்லி முதல் நிமிடத்தைத் தொலைப்பதுதான் பலரும் செய்வது. நேராக ஒரு விவரத்துக்குப் போங்கள், 'மனத்தாங்கல் யாருக்கு' என்பதைப் போல. அதிலிருந்து ஒரே ஒரு கேள்வி, பிறகு செய்யக்கூடிய ஒரு சின்னச் செயல். பொதுக்கால வார நாள்களில் முதல் வாசகத்தையும் நற்செய்தியையும் முடிச்சுப்போட மெனக்கெடாதீர்கள். முதல் வாசகம் ஈராண்டுச் சுற்று, நற்செய்தி ஓராண்டுச் சுற்று, இரண்டும் ஒன்றுக்கொன்று பார்த்துத் தேர்ந்தவை அல்ல. ஞாயிறு என்றால் பழைய ஏற்பாட்டு வாசகம் நற்செய்திக்குப் பொருத்தமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும், அங்கே தேடலாம்.

குழுவில் இருக்கும் ஒருவரை மனதில் வைத்து அவருக்கு உறைக்கட்டும் என்று எழுதாதீர்கள். வசனத்தைத் தனக்கு எடுத்துக்கொள்ளாமல் பிறருக்கு என்ன சொல்கிறது என்று யோசிப்பதை, திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் வெளியிட்ட 'நற்செய்தியின் மகிழ்ச்சி' மடலில் (எண் 153) நம்மை வழிவிலக்கும் ஒரு சோதனையாகவே குறிப்பிடுகிறார். எழுதியதில் 'இன்றைய உலகம்', 'சிலர்' என்று வரும் இடங்களை அடித்துவிட்டுப் பார்த்தால் பாதி சரியாகிவிடும். உங்கள் வீட்டுச் சண்டையையும் அங்கே எடுத்துப் போகாதீர்கள், அதில் இன்னொருவர் மானமும் இருக்கிறது. பேசி முடித்ததும் ஒரு நிமிடம் அமைதி வேண்டும். அதையும் சேர்த்தால் நான்கு நிமிடம் ஆகும் என்று குழுவை நடத்துகிறவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வாய் மூடுமுன் பாட்டைத் தொடங்கிவிடுவார்கள்.