நாடகத்தில் அப்பாவின் குரல் இருக்கிறது, பெயர் இல்லை

கேள்வி: என் அப்பா திருச்சி வானொலி நாடகங்களில் பதினைந்து வருடம் நடித்தவர். தபால்காரர், கணக்குப்பிள்ளை, பெண்ணின் தாய்மாமன் என்று சின்ன வேடங்கள்தான். அவர் நடித்த இரண்டு நாடகங்கள் (1971, 1979) இப்போது ஒரு யூடியூப் சேனலில் விளம்பரத்தோடு ஓடுகின்றன. அப்பா பெயர் எங்கும் இல்லை, எழுதிக் கேட்டும் பதில் இல்லை. அப்பா காலமாகிவிட்டார். பெயரும் பணமும் கேட்க முடியுமா?

பதில்: பெயருக்காகப் போராடலாம் அம்மா. பணம் கஷ்டம்.

வானொலி நாடகத்தில் நடித்தவர்கள் பெயரைக் கடைசியில் கடகடவென்று வாசிப்பார்கள். தாய்மாமனாக நடித்தவருக்கு ஊர் முழுக்க போஸ்டரா ஒட்டினார்கள், அந்த அரை நிமிடம்தான் அவருக்குக் கிடைத்த ஒரே அடையாளம். அதை வெட்டிவிட்டு ஏற்றுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கிற விஷயம்.

சரி, சட்டத்துக்கு வருவோம். அப்பா நடித்த காலத்தில் நடிகருக்கென்று பதிப்புரிமைச் சட்டத்தில் எதுவுமே இல்லை. இந்தி நடிகர் தேவ் ஆனந்த் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் நடிப்பு என்பது சட்டம் சொல்லும் 'படைப்பு' ஆகாது என்றே சொல்லிவிட்டது. நிகழ்த்துநர் உரிமை, அதாவது நடிகர், பாடகர் போன்றவர்களுக்குத் தங்கள் நிகழ்ச்சி மேல் உள்ள உரிமை, 1995 மே 10-இல்தான் நடைமுறைக்கு வந்தது. தன் பெயரைச் சொல்லச் சொல்லும் உரிமை, அதாவது பிரிவு 38பி, 2012 திருத்தத்தில் வந்தது. அதற்கு முன்பே, 2006-இல், பாடகி நேஹா பாசின் தன் பெயருக்காக டெல்லி உயர் நீதிமன்றம் போனார். ஸ்டுடியோவில் பாடிப் பதிவானதும் நிகழ்த்துதல்தான் என்று அங்கே ஏற்கப்பட்டது, அது வானொலி நடிகருக்கும் உதவும்.

உங்கள் பக்கம் பலவீனங்களும் உண்டு. நிகழ்த்துநர் உரிமைக்கு ஆயுள் 50 வருடம், நடித்ததற்கு அடுத்த ஜனவரியிலிருந்து கணக்கு. ஆக 1971 நாடகத்துக்கு 2021-உடன் முடிந்தது, 1979 நாடகத்துக்கு 2029 முடிய இருக்கிறது. அதிலும் பின்னால் வந்த சட்டம் பழைய நடிப்புக்குப் பொருந்துமா என்பதை வாதாடித்தான் ஜெயிக்க வேண்டும். அப்புறம், எழுத்தாளரின் வாரிசு வழக்காடலாம் என்று பிரிவு 57 வெளிப்படையாகச் சொல்கிறது, 38பி அப்படிச் சொல்லவில்லை.

பணம் ஏன் கஷ்டம் என்றால், அப்பா சம்பளம் வாங்கிக்கொண்டு ஒப்பந்தத்தில் நடித்தவர். ஒலிப்பதிவு அரசுடையது, இன்று அகில இந்திய வானொலியை நடத்தும் பிரசார் பாரதியின் கையில். அதற்கு 60 வருடப் பாதுகாப்பு, அதனால் இரண்டு நாடகங்களையும் இறக்கச் சொல்லும் தகுதி அவர்களுக்கு இருக்கிறது. நீங்களே உரிமையாளர் என்று யூடியூப் புகார்ப் படிவத்தில் எழுதிவிடாதீர்கள், அது பொய் அறிவிப்பாகி உங்கள் மேலேயே திரும்பும். இறக்கிவிட்டால் அப்பாவின் குரலும் சேர்ந்து போய்விடும், அதையும் யோசியுங்கள்.

நான் செய்வதாக இருந்தால் இரண்டு நாடகங்களையும் இன்றே முழுதாகச் சேமித்துவைப்பேன். வீட்டுப் பெட்டியில் நிலையத்தின் ஒப்பந்தக் கடிதங்கள் இருக்கிறதா என்று தேடுவேன், நூலகங்களில் அந்தக் காலத்து 'வானொலி' இதழைப் புரட்டுவேன். பத்து ரூபாய் கட்டி பிரசார் பாரதிக்குத் தகவல் உரிமை மனுப் போட்டு, அந்த நாடகங்களின் நடிகர் பட்டியலையும் ஒப்பந்த நிபந்தனைகளையும் கேட்பேன். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தத் தாள்களோடும் வாரிசுச் சான்றிதழோடும் வாருங்கள், பெயரைச் சேர்க்கச் சொல்லி சேனலுக்கு நோட்டீஸ் அனுப்புவோம்.