திங்க் டேங்க் (கொள்கை ஆய்வு நிறுவனம்) ஒன்னுல பப்ளிக் பாலிசி, அதாவது அரசுக் கொள்கை ட்ரெய்னிங்குக்கு செலக்ட் ஆயிருக்கேன், போறதுக்கு முன்னாடி என்ன படிக்கணும்?

வாழ்த்துகள். நீங்க எகனாமிக்ஸ் ஆளு இல்லன்னு நினைக்கிறேன், அந்தப் பக்கத்து ஆளுங்க இப்படிப் பயப்பட மாட்டாங்க. நான் மெக்கானிக்கல் படிச்சுட்டு அங்க போய் உட்கார்ந்தவன்.

போறதுக்கு மூணு வாரம் இருக்கும்போதே ரிப்போர்ட் ரிப்போர்ட்டா டவுன்லோட் பண்ணி, மஞ்சள் ஹைலைட்டர் தீர்ற வரைக்கும் கோடு போட்டு, அமெரிக்க அரசியல் அறிஞர் ஜான் கிங்டன் 1984ல சொன்ன மூணு ஸ்ட்ரீம், அதாவது பிரச்னை, தீர்வு, அரசியல் மூணும் ஒரே நேரத்துல கூடி வந்தாதான் எதுவும் நடக்கும்ங்கறது, அதெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன். யாரும் கேக்கவே இல்ல. முதல் நாளே வெள்ளைப் பேப்பர் குடுத்து, "மந்திரிக்கு ஒரு பக்க மெமோ, நாப்பது நிமிஷம்"னுட்டாங்க.

என் முதல் வரி, "போதுமான பஸ் இல்லாததே பிரச்னை." க்ளாஸ் எடுத்தவர் அதை மட்டும் சிவப்புல சுழிச்சு ஓரத்துல "இது தீர்வு"ன்னு எழுதிட்டுப் போயிட்டார். எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆச்சு. பஸ் இல்லன்னு எழுதிட்டா பஸ் வாங்கறதத் தவிர வேற வழி கண்ணுல படாது. வேலைக்குப் போய்ச் சேர ரெண்டு மணி நேரம் ஆகுதுன்னு எழுதியிருந்தா பஸ்ஸுக்குத் தனி லேன், டைமிங் மாத்தறது, ஆபீஸ் நேரத்தையே மாத்தறதுன்னு எத்தனையோ இருக்கு. பெர்க்லி பேராசிரியர் யூஜின் பார்டாக் பாலிசியை அலசறதுக்குச் சொன்ன எட்டு ஸ்டெப்ல முதல் ஸ்டெப்லயே இந்த எச்சரிக்கை இருக்கு, அதுக்கும் நான் மஞ்சள் கோடு போட்டிருந்தேன்ங்கறதுதான் கேவலம்.

அதனால உங்க வேலையில தினம் கடுப்பேத்தற ஒரு விஷயத்தை எடுத்து ஒரு பக்கம் எழுதி, அந்த ஃபீல்டே தெரியாத ஒருத்தர்கிட்ட குடுத்துப் பாருங்க. கூடவே ஒரே ஒரு ஆய்வை முழுசாப் படிங்க. 1992ல நியூ ஜெர்சில மினிமம் வேஜை மணிக்கு 4.25 டாலர்லேர்ந்து 5.05 ஆக்கினப்போ, ஏத்தாத பக்கத்து மாநிலம் பென்சில்வேனியாவோட ஃபாஸ்ட் ஃபுட் கடைகளை வச்சு டேவிட் கார்டு, ஆலன் க்ரூகர்னு ரெண்டு எகனாமிஸ்ட்டுங்க ஒப்பிட்டு, வேலை குறையலன்னு சொன்னது. அதுக்கு வந்த மறுப்பையும் விடாதீங்க.

தியரியே வேண்டாம்னு நான் சொல்லல, உடனே சண்டைக்கு வராதீங்க.

லீவை இப்பவே எழுதி வாங்கிடுங்க. என் மேனேஜர் "அரசியலுக்குப் போறியா"ன்னு சிரிச்சுட்டு அஞ்சு நாள் சம்பளத்தைப் புடிச்சார். ஆறு மாசம் கழிச்சு அவரே, "நீ அந்த கோர்ஸ் போனியே, மேலிடத்துக்கு ஒரு பக்கம் எழுதிக் குடு"ன்னார். முதல் வரிய நாலு தடவை அடிச்சு அடிச்சு எழுதிக் குடுத்தேன். கீழ அவர் பேர் மட்டும் போட்டு அனுப்பிட்டார், அந்த அஞ்சு நாள் சம்பளம் இன்னும் வரல.