இன்வெர்ட்டர் ஏசி: கம்ப்ரசர் போச்சா, போர்டு போச்சா? கேள்வி பதில்

வெயில் ஏறியதும் மியான்மரில் யாங்கோன், பெகு, மோல்மீன் என்று பல பக்கமிருந்தும் இன்வெர்ட்டர் ஏசி கேள்விகள் வந்திருக்கின்றன. பதிலுக்கு முன்னால் ஒரே ஒரு எச்சரிக்கை. அவுட்டோர் யூனிட்டின் சர்க்யூட் போர்டில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர், பிரேக்கரை இறக்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும். பத்து நிமிஷம் பொறுங்கள், மீட்டரை டிசியில் வைத்துப் பாருங்கள், இன்னும் மிச்சம் இருந்தால் குண்டு பல்பு வழியாக இறக்குங்கள். ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் அடிக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

மோல்மீனிலிருந்து ஒரு அக்கா: மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு கம்ப்ரசர் போய்விட்டது என்கிறார். புது ஏசி விலையில் பாதிக்கு மேல் கேட்கிறார். நம்பலாமா?

எதை அளந்து சொன்னார் என்று கேளுங்கள் அக்கா. அளக்காமல் சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். நம் ஊர்க் கரண்டில் முதலில் அடி வாங்குவது அநேகமாக போர்டுதான், கம்ப்ரசர் அவ்வளவு சுலபமாகப் போகாது.

கம்ப்ரசருக்குப் போகும் மூன்று ஒயர்கள், யு, வி, டபிள்யூ. மூன்றையும் போர்டிலிருந்து கழற்றிவிட்டு இரண்டிரண்டாக ஓம்ஸ் பார்க்கச் சொல்லுங்கள். மாடலைப் பொறுத்து ஒரு ஓமுக்குள்ளும் இருக்கும், சில ஓம்ஸும் இருக்கும், ஆனால் மூன்று அளவும் ஒன்றாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். ஒன்று மட்டும் விலகி நின்றால் காயிலில், அதாவது உள்ளே சுற்றிய கம்பிச் சுருளில், கோளாறு. அடுத்து ஒவ்வொரு ஒயருக்கும் செம்புக் குழாய்க்கும் நடுவே 500 வோல்ட் மெகர், அதாவது இன்சுலேஷன் அளக்கும் மீட்டர், போட வேண்டும். பல மெகா ஓம் காட்டினால் நல்லது, ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் சந்தேகம். அப்போதும் அவசரப்படக் கூடாது. பல நாள் ஓடாமல் கிடந்த யூனிட்டில் கேஸ் திரவமாகி கம்ப்ரசருக்குள் இறங்கியிருந்தாலும் அளவு குறைவாகக் காட்டும், கம்ப்ரசரைக் கொஞ்சம் சூடாக்கி மறுபடி பார்த்தால் ஏறிவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும், ஸ்டார்ட் ஆன ஒன்றிரண்டு விநாடியிலேயே ஓவர் கரண்ட் காட்டி நிற்கிறதா? போர்டும் நல்லதாக இருந்தால் கம்ப்ரசர் உள்ளே இறுகியிருக்கலாம். உங்கள் கண் முன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள். வேலை தெரிந்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தட்டோனிலிருந்து ஒரு தம்பி: நானும் ஏசி வேலைதான் பார்க்கிறேன் அண்ணே. ஒரு யூனிட்டுக்குப் புது போர்டு மாட்டினேன், மாட்டிய அன்றைக்கே வெடித்துவிட்டது. வாடிக்கையாளர் காசு கேட்கிறார்.

தம்பி, புது போர்டை மாட்டும் முன் கம்ப்ரசரை மெகர் போட்டீர்களா? பாடிக்கு ஷார்ட் ஆன கம்ப்ரசரில் எத்தனை போர்டு மாட்டினாலும் அத்தனையும் போகும். மெகர் போடும்போது மூன்று ஒயரும் போர்டிலிருந்து கழன்று இருக்க வேண்டும், மாட்டியபடியே போட்டால் அந்த 500 வோல்ட்டே, போர்டில் கம்ப்ரசரை ஓட்டும் பவர் மாட்யூலான ஐபிஎம்மைக் கொன்றுவிடும்.

ஐபிஎம்மைப் பார்க்க சாதாரண மல்ட்டிமீட்டர் போதும். டயோடு மோடில் வைத்து, சிவப்பு முனையை ஐபிஎம்மின் 'N' (டிசி மைனஸ்) முனை மேல் வைத்துக் கறுப்பை யு, வி, டபிள்யூ என்று வரிசையாகத் தொடுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவாக 0.3-லிருந்து 0.6 வரைக்குள் காட்டும். பிறகு கறுப்பை 'P' (டிசி பிளஸ்) முனை மேல் வைத்து, சிவப்பால் அதே மூன்றையும் தொடுங்கள், அதே அளவு வர வேண்டும். முனைகளை மாற்றி வைத்தால் எதுவும் காட்டக் கூடாது. எங்கேயாவது பூஜ்யம் வந்தால் ஐபிஎம் போய்விட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று, இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஐபிஎம்முக்கும் அலுமினிய ஹீட் சிங்குக்கும் நடுவே வெள்ளைப் பேஸ்ட் தடவியிருக்கும். பழைய போர்டைக் கழற்றும்போது அது காய்ந்து சுண்ணாம்பு மாதிரி உதிரும். அதை முழுக்கத் துடைத்துவிட்டு, புதுப் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவி, ஸ்க்ரூ இரண்டையும் மாற்றி மாற்றிச் சமமாக முறுக்க வேண்டும். ஒரு பக்கம் தூக்கி நின்றால் சூடு இறங்காது, நல்ல போர்டும் வீணாகிவிடும்.

யாங்கோன், தாமுவேயிலிருந்து: கரண்ட் போய் வந்ததும் ஏசி பிரேக்கர் டிரிப் ஆகிறது. மறுபடி போட்டாலும் விழுந்துவிடுகிறது.

தெருவே "மீ லா ப்யீ" (பர்மிய மொழியில் 'கரண்ட் வந்துவிட்டது') என்று கத்தும் அந்த நேரம்தான் போர்டுக்கு ஆபத்தான நேரம். எல்லார் வீட்டிலும் ஒன்றாகச் சாமான்கள் ஓடத் தொடங்கும், வோல்டேஜ் ஏறி இறங்கும், கரண்ட் இரண்டு மூன்று தடவை வெட்டி வெட்டி வரும்.

போர்டில் கரண்ட் முதலில் பிடிசி என்ற சின்னத் தடை வழியாக மெதுவாகக் கெப்பாசிட்டரை நிரப்பும், அப்புறம்தான் பக்கத்திலுள்ள ரிலே டக்கென்று சேர்ந்து நேர்வழி கொடுக்கும். வெட்டி வெட்டி வந்தால் அந்த ரிலேயின் காண்டாக்ட் பற்றிக்கொண்டு ஒட்டிவிடும். ஒட்டியபின் கரண்ட் போட்டதுமே வெறும் கெப்பாசிட்டருக்குள் மொத்தமாகப் பாயும், பிரேக்கர் விழும். கரண்ட் இல்லாதபோது ரிலேயின் காண்டாக்ட் முனைகளில் ஓம்ஸ் பாருங்கள். பிடிசியின் தடை தெரிந்தால் ரிலே நல்லது, பூஜ்யம் என்றால் ஒட்டிவிட்டது. அது சரியாக இருந்தால் டயோடு பிரிட்ஜ், ஐபிஎம் இரண்டையும் பாருங்கள்.

ஃபியூஸ் கருகி, பக்கத்தில் வட்டமான வேரிஸ்டர் வெடித்திருந்தால் கதை வேறு. கம்பத்தில் நியூட்ரல் விட்டுப்போனால் 230 வர வேண்டிய வீட்டுக்கு 400 பக்கம் வரை ஏறும். தன் உயிரைக் கொடுத்து போர்டைக் காப்பாற்றியது அந்த வேரிஸ்டர்தான். அதை வெட்டி எறிந்துவிட்டு ஃபியூஸ் மட்டும் போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அப்படிச் செய்யாதீர்கள், அதே ரேட்டிங்கில் புதிது போடுங்கள். முக்கியமாக வீட்டு லைனைச் சரிபார்த்த பிறகே ஏசியைப் போட வேண்டும். இனிமேல் கரண்ட் போனால் ஏசி பிரேக்கரை இறக்கி வையுங்கள், வந்து ஐந்து நிமிஷம் நிதானமாக நின்றபின் ஏற்றுங்கள். ரிமோட்டில் அணைத்தால் போதாது, போர்டுக்குக் கரண்ட் போய்க்கொண்டேதான் இருக்கும்.

பெகுவிலிருந்து: அவுட்டோர் பாடியைத் தொட்டால் சுரீர் என்கிறது. கம்ப்ரசர் ஷார்ட்டா?

எர்த் இருக்கிறதா என்று முதலில் சொல்லுங்கள். பழைய வீடுகளில் பெரும்பாலும் இருக்காது. போர்டில் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்கு இரண்டு சின்ன ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள், எர்த் இல்லாவிட்டால் பாடியில் 110, 115 வோல்ட் காட்டும். கரண்ட் மிகக் குறைவு, சுரீர் என்பதோடு நிற்கும். கம்ப்ரசர் உண்மையாகவே பாடிக்கு ஷார்ட் ஆகியிருந்தால் எர்த் உள்ள வீட்டில் டிரிப் ஆகும், எர்த் இல்லாத வீட்டில் ஆளையே அடிக்கும். இரண்டில் எது என்று தொட்டுப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. பிரேக்கரை இறக்குங்கள், மெகர் போடுங்கள், எது வந்தாலும் எர்த் ராடு அடியுங்கள். பிள்ளைகள் ஈரக் காலோடு ஓடும் வீடென்றால் நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்.

மாண்டலேயிலிருந்து: ஸ்டெபிலைசர் தேவையா? ஜெனரேட்டரில் ஓட்டலாமா?

இன்வெர்ட்டர் ஏசி குறைந்த வோல்டேஜைக் கொஞ்சம் தாங்கும், எதுவரை என்று லேபிளில் பாருங்கள். உங்கள் தெருவில் அதற்கும் கீழே இறங்கினால் ஸ்டெபிலைசர் வேண்டும், ஹை வோல்டேஜில் வெட்டுவதும், கரண்ட் வந்ததும் கொஞ்சம் பொறுத்து விடும் டிலே உள்ளதுமாக வாங்குங்கள். ஜெனரேட்டரைப் பற்றிச் சொன்னால், இன்வெர்ட்டர் மெதுவாகக் கிளம்புவதால் ஸ்டார்ட்டிங் கரண்ட் பெரிதாக இழுக்காது. மட்டமான ஜெனரேட்டரில் வேறு லோடு நின்றதும் வோல்டேஜ் துள்ளும், அதுதான் போர்டுக்கு எமன்.

யாங்கோனிலிருந்து ஒரு தம்பி: போர்டு வரும்வரை கம்ப்ரசரை நேரடியாக லைனில் கொடுத்து ஓட்டலாமா அண்ணே?

கூடாது தம்பி. அது உள்ளே காந்தம் வைத்த மூன்று ஃபேஸ் மோட்டார், போர்டு கொடுக்கும் அலைக்குத்தான் சுற்றும். நேராகக் கொடுத்தால் அதன் காயில் எரிந்துவிடும்.

மோல்மீனிலிருந்து: மழைக்குப் பிறகு கம்யூனிகேஷன் எரர்.

இன்டோரும் அவுட்டோரும் ஒன்றோடொன்று பேச முடியாதபோது வரும் எரர் இது. இன்டோரிலிருந்து அவுட்டோருக்கு வரும் ஒயரில் நடுவே ஜாயின்ட் இருக்கிறதா பாருங்கள். டேப் சுற்றிய ஜாயின்ட்டில் தண்ணீர் புகுந்திருக்கும். ஜாயின்ட் இல்லாத ஒரே ஒயராக மாற்றுங்கள். டெர்மினலில் பச்சை பூத்திருந்தால் வெட்டிப் புதிதாகச் சீவி மாட்டுங்கள்.

மறுபடி பெகுவிலிருந்து: மத்தியானம் மட்டும் அரை மணி ஓடி நிற்கிறது, ராத்திரி நன்றாக ஓடுகிறது. கம்ப்ரசர் கரண்ட் எரர்.

ராத்திரி நன்றாக ஓடுகிற கம்ப்ரசரின் காயிலில் கோளாறு இருக்க வாய்ப்புக் குறைவு. அவுட்டோர் பின்பக்கத்தைப் பாருங்கள், தூசியும் பஞ்சும் அடைத்திருக்கும். சூடு வெளியே போகாமல் பிரஷர் ஏறி, கரண்டும் ஏறி, போர்டு நிறுத்துகிறது. முதலில் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், போர்டு பக்கம் தண்ணீர் போகாமல். ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். கழுவிய பிறகும் நின்றால் எரர் எண்ணையும் அவுட்டோர் மூடியின் உள்பக்க ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், ஒரே எண்ணுக்குக் கம்பெனிக்குக் கம்பெனி அர்த்தம் மாறும்.