பாதியில் விலக முடியாத சீட்டு

அன்புள்ள அண்ணா,

வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன். ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. செய்தியைப் படித்துவிட்டு ஆப் மாற்றுவது, ஆடித் தள்ளுபடியில் கிடைத்த சைஸுக்குச் சட்டை எடுப்பது மாதிரி என்று போன மாதம் கிண்டல் செய்திருந்தீர்கள். எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் நான் மாறியவள்.

2025 செப்டம்பர் கடைசியில் எல்லோரும் ஜோஹோ கம்பெனியின் அரட்டை செயலியைப் பற்றிப் பேசினார்களே, அப்போது எங்கள் குடும்பக் குழுவையே அங்கே கொண்டுபோனேன். மொத்தம் இருபத்து மூன்று பேர். ஒவ்வொருவர் போனையும் வாங்கி நானே இறக்கிக் கொடுத்தேன். பெரியம்மாவுக்கு மட்டும் மூன்று தடவை. தீபாவளி வரை நன்றாக ஓடியது. அப்புறம் ஒருவர் பின் ஒருவராக வாட்ஸப்புக்கே போய்விட்டார்கள். இப்போது அங்கே நானும் என் தம்பியும்தான். அவனும் எனக்காக இருக்கிறான் என்று நினைக்கிறேன். நம் ஆட்களுக்கு ஏன் இத்தனை சோம்பேறித்தனம்? தமிழ்ப் பெயரோடு, தமிழ்நாட்டில் செய்த ஒன்றைக்கூடத் தாங்கிப் பிடிக்க மாட்டார்களா? ஆபீசில் ஒருவன் ‘டெலிகிராமுக்குப் போ, அதுதான் சேஃப்’ என்கிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பி.கு.: அப்பா பெரம்பூரில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் இல்லை, புது கம்ப்யூட்டர் வாங்கு என்கிறார்கள். அவருடைய பழைய தமிழ் ஃபான்ட் எல்லாம் அந்த மிஷினில்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்? என் பெயரைப் போட வேண்டாம்.

வாசகி, வியாசர்பாடி

---

அன்புள்ள தங்கச்சிக்கு,

அந்தச் சட்டைக் கிண்டலை எழுதியபோது நானும் அதே ஆப்பை இறக்கி வைத்திருந்தேன் என்பதைச் சொல்லாமல் விட்டது தப்பு. இறக்கின அன்று என் போனில் இருக்கும் பெயர்களில் நாற்பத்தொன்று அங்கே தெரிந்தது. பாதிப் பேர் கல்லூரியில் கூடப் படித்தவர்கள். ஒருவன் ‘இங்கயும் வந்துட்டியா?’ என்றான். ‘ஆமாடா’ என்றேன். கை குலுக்குகிற ஸ்டிக்கர் ஒன்று அனுப்பினான். அவனோடு நான் பேசியது இன்றுவரை அவ்வளவுதான்.

உங்கள் பெரியம்மா சோம்பேறி இல்லை. எங்கள் தெருவை வைத்துச் சொல்கிறேன். தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு முனையில் ஒரு கறுப்பு சின்டெக்ஸ் டேங்க். மெட்ரோ வாட்டர் லாரி வந்து நிரப்பினால் அரை மணியில் காலி. லாரிக்கு நேரம் காலம் கிடையாது. அதனால் ‘தண்ணி’ என்ற பெயரில் ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். குழுப் படம் ஒரு பச்சைக் குடம். தெரு முனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணன் லாரியைப் பார்த்ததும் மைக் பொத்தானை அழுத்தி ‘வண்டிம்மா!’ என்று ஒரு கத்துக் கத்துவார். இரண்டு விநாடி ஆடியோ. எழுத்து இல்லை, எமோஜி இல்லை. அடுத்த நிமிடம் மாடிப்படிகளில் குடம் உருளும் சத்தம் கேட்கும்.

இந்தக் குழுவில் எண்பது வீடு இருக்கிறது. நாளைக்கு நான் ஒருவன் மட்டும் வேறு ஆப்புக்குப் போனால் எனக்கு என்ன கிடைக்கும்? கொள்கை கிடைக்கும், தண்ணீர் கிடைக்காது. எண்பது வீடும் ஒரே நாளில் மாறினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அதை யார் ஆரம்பிப்பது? இஸ்திரி அண்ணன் மாறாமல் யாரும் மாற முடியாது. அவர் மாற வேண்டுமென்றால் முதலில் அவருடைய வாடிக்கைக்காரர்கள் மாற வேண்டும்.

ஏலச்சீட்டு கட்டியிருப்பீர்கள், இல்லையென்றால் அம்மா கட்டியிருப்பார். இருபது பேர் சேர்ந்த சீட்டில் ஏழாவது மாதம் ஒருவர் மட்டும் ‘எனக்கு இந்தச் சீட்டு பிடிக்கவில்லை’ என்று எழுந்து போக முடியுமா? சீட்டுக்கார அக்கா நல்லவரா கெட்டவரா என்பது அப்போது பேச்சே இல்லை. கட்டிய பணமும் கட்டியிருக்கும் ஆட்களும் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். வாட்ஸப்பும் அப்படி ஒரு சீட்டுதான். உங்கள் பெரியம்மா மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். சம்பந்தி வீட்டுக் குழு, பேரனின் பள்ளிக்கூடக் குழு, மாத்திரைக்கடைத் தம்பி எல்லாம் அங்கே. உங்கள் ஒரு குழுவுக்காக மட்டும் இன்னொரு ஆப்பைத் திறந்து பார்க்க வேண்டும். ஒரு மாதம் பார்த்ததே உங்கள் மேல் இருக்கும் பாசத்தில்தான்.

செய்தி எழுதுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பிடிபடுவதில்லை. ‘வாட்ஸப்புக்கு ஆப்பு’ என்று தலைப்புப் போட ஒரு நாள் போதும். மூன்றே நாளில் அரட்டையில் பதிவு நூறு மடங்கானது என்று ஜோஹோவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு சொன்னதும் அது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. உண்மையாகவே பெரிய சங்கதிதான், மறுக்கவில்லை. ஆனால் இறக்கியவர்களில் எத்தனை பேர் மூன்று மாதம் கழித்து அதில் அம்மாவோடு பேசினார்கள் என்று போய்ப் பார்த்து எழுதிய ஆள் என் கண்ணில் படவில்லை. கூ நினைவிருக்கிறதா? ட்விட்டருக்கு நம் பதில் என்று மத்திய அமைச்சர்களே போய் உட்கார்ந்தார்கள். 2024 ஜூலையில் மூடிவிட்டார்கள். மூடிய செய்தி உள்பக்கத்தில் நாலு வரி.

2021 அக்டோபர் 4 ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒன்றாகப் படுத்தன. ஏறக்குறைய ஆறு மணி நேரம். பராமரிப்புக்காகக் கொடுத்த ஒரு கட்டளை தப்பாகப் போய், அந்தக் கம்பெனியின் டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பையே துண்டித்துவிட்டது. உலகத்துக்கு அவர்கள் முகவரியைச் சொல்லும் சர்வர்களும் அதோடு ஒதுங்கிக்கொண்டன. கடை இருக்கிறது, சரக்கு இருக்கிறது, மின்ட் தெருவிலிருந்து கடைக்கு வழி சொல்லும் அத்தனை பலகையையும் யாரோ பிடுங்கிவிட்டார்கள், அந்த மாதிரி. அவர்களுடைய உள்வேலைக் கருவிகளும் அதே வலையில் இருந்ததால் சரிசெய்யவும் திணறினார்கள்.

நான் அன்றைக்கு ரௌட்டரை மூன்று தடவை அணைத்துப் போட்டு, இணைப்புக் கொடுத்த பையனைக் கூப்பிட்டுத் திட்டினேன். பாவம், அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்யும் என் மச்சான் விடியற்காலை ஏலத்தில் எடுக்கும் வஞ்சிரத்தையும் சங்கராவையும் படம் பிடித்து ஓட்டல்காரர்களுக்கு வாட்ஸப்பில் அனுப்பித்தான் விலை பேசுகிறவர். மறுநாள் விசாரித்தேன். ‘போகலன்னு தெரிஞ்சுது, போன் போட்டு சொல்லிட்டேன்’ என்றார். அவ்வளவுதான். ஒரு கம்பெனி சிம்மிலிருந்து இன்னொரு கம்பெனி சிம்முக்குப் பேசலாம் என்பது நமக்கு அதிசயமாகவே படுவதில்லை, கவனித்தீர்களா?

நான் சொல்ல வருவது இதைத்தான். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ‘எந்த ஆப்?’ இல்லை. ‘அந்த ஆப்பிலிருந்து இந்த ஆப்புக்கு ஏன் செய்தி போகாது?’ என்று கேளுங்கள். எங்கள் தெரு மீன்கார அக்கா தட்டுக்குப் பக்கத்தில் கியூஆர் அட்டை வைத்திருக்கிறார். அட்டை ஒரு கம்பெனியுடையது, என் போனில் இருக்கும் ஆப் வேறு கம்பெனி, என் பேங்க் வேறு, அவர் பேங்க் வேறு. நெத்திலியைக் கவரில் போட்டு முடிப்பதற்குள் பெட்டி ‘நூற்றைம்பது ரூபாய்’ என்று சொல்லிவிடுகிறது. 2016-இல் வந்த யூபிஐ 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2000 கோடி பரிவர்த்தனையைத் தாண்டியது. எந்த ஆப் வைத்திருக்கிறாய் என்று அக்கா யாரையும் கேட்பதில்லை, அதனால்தான் இந்த வளர்ச்சி. செல்போன் நம்பரும் அப்படித்தான். 2011 ஜனவரியில் நம்பர் மாறாமல் கம்பெனி மாறலாம் என்று நாடு முழுக்க வரும்வரை, லாரிக்குப் பின்னால் பெயின்ட்டில் எழுதிய நம்பருக்காகவே சிக்னல் கிடைக்காத சிம்மை வைத்துக்கொண்டு எத்தனை பேர் அழுதார்கள்!

இது பெரியம்மாவைத் திட்டி வருகிற மாற்றம் இல்லை, சட்டம் போட்டால் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் போட்டிருக்கிறார்கள். 2024 மார்ச்சிலிருந்து, வேறு செயலிக்காரர் வந்து கேட்டால் வாட்ஸப் கதவைத் திறந்துவிட வேண்டும். நம் ஊரில் வாட்ஸப் 2021-இல் கொண்டுவந்த தனியுரிமைக் கொள்கை விவகாரத்துக்காக அதன் தாய்க் கம்பெனியான மெட்டாவுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் 213 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அபராதத்தால் கதவு திறக்கவில்லை. ஸ்ரீதர் வேம்புவே யூபிஐ மாதிரி, மின்னஞ்சல் மாதிரி செய்திச் செயலிகளும் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்று சொன்னார். நூறு மடங்கைவிட எனக்கு அதுதான் பெரிய செய்தி. சின்ன கம்பெனியாக இருக்கும்போது எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள், பெரிதானதும் பார்க்கலாம் என்று என் மனைவி சொல்கிறாள். அதையும் எழுதிவிடுகிறேன்.

டெலிகிராம்காரரிடம் ஒன்று சொல்லுங்கள். அங்கே சாதாரண சாட் முழு மறையாக்கத்தில், அதாவது பேசுகிற இருவரைத் தவிர கம்பெனிகூடப் படிக்க முடியாத பூட்டில், போவதில்லை. ‘சீக்ரெட் சாட்’ என்று தனியாகத் தொடங்கினால்தான் உண்டு, குழுவுக்கு அதுவும் கிடையாது. வாட்ஸப்பில் 2016 ஏப்ரலிலிருந்து எல்லாச் செய்திக்கும் அது உண்டு. ஆனால் யாரோடு, எப்போது, எத்தனை தடவை பேசினீர்கள் என்ற விவரத்தை அந்த மறையாக்கம் மூடுவதில்லை. அரட்டையில் அலை அடித்த நேரத்தில் போன் அழைப்புகளுக்கு மறையாக்கம் இருந்தது, எழுத்துச் செய்திக்கு இல்லை. பிறகு கொண்டுவந்தார்கள். பாதுகாப்புதான் முக்கியம் என்றால் ‘சிக்னல்’ என்ற செயலி. வாட்ஸப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பிரையன் ஆக்டனே வெளியே வந்து ஐந்து கோடி டாலர் கொடுத்து அதன் அறக்கட்டளையை 2018-இல் தொடங்கினார். அங்கே போனாலும் உங்களுக்கு இதே கதைதான். நீங்களும் தம்பியும்.

சரி, அரட்டையை அழிக்க வேண்டாம். குடும்பக் குழுவை அங்கே இழுக்கவும் வேண்டாம். நீங்களும் தம்பியும் பேசுவது அங்கேயே இருக்கட்டும்.

இனி அப்பா விஷயம். ஒன்றில் இருப்பது இன்னொன்றுக்குப் போகாத இந்தப் பூட்டைப் பற்றி அவருக்கு நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும், கேட்டுப் பாருங்கள். தொண்ணூறுகளின் கடைசியில் ஒவ்வொரு தமிழ்ப் பத்திரிகைக்கும் இணையத்தில் ஒவ்வொரு ஃபான்ட். அவர்கள் ஃபான்ட்டை இறக்காவிட்டால் தலையங்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். ஒரு டிடிபி கடையில் அடித்ததை அடுத்த கடையில் திறக்க முடியாது. 1999-இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடி தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் என்று இரண்டு எழுத்துக் குறியீடுகளையும் முடிவு செய்தார்கள். கடைசியில் ஜெயித்தது, எல்லா மொழிக்கும் பொதுவான குறியீடான யூனிகோட். உங்கள் கடிதம் என் போனில் ஒழுங்காகத் தெரிந்ததற்கு அதுதான் காரணம்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்தது. வீட்டு உபயோக மிஷின்களுக்குப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் வரும். ‘அப்டேட்’ என்று ஒரு பெட்டி வந்தாலே அப்பா மூடிவிடுவார் என்று ஊகிக்கிறேன், அதனால் அந்தப் பதிவை நீங்களே உட்கார்ந்து செய்யுங்கள். மிஷினில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருந்து, பிராசஸரும் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இருந்தால்தான் விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். இல்லையென்றால் புது மிஷின்தான். ஆனால் பழையதைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஃபான்ட்டுக்காக மட்டும் ஓரமாக வைத்துக்கொள்ளட்டும். வாடிக்கையாக வரும் கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி மாதிரிகளை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டே வாருங்கள். மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

மாற்றியபிறகு ‘ஸ்ரீ’ வரும் இடத்தை மட்டும் கண்ணால் பார்த்துவிடுங்கள். யூனிகோடிலேயே அதை இரண்டு விதமாக எழுதலாம், திரையில் இரண்டும் ஒன்று போலத் தெரியும், தேடினால் ஒன்று கிடைக்கும் மற்றது கிடைக்காது. சில கருவிகள் அதை உடைத்தும் போட்டுவிடும். கல்யாணப் பத்திரிகையில் அதுதான் பெரும்பாலும் முதல் வரியிலேயே நிற்கும், மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படுவதும் அதுதான்.

அன்புடன்,
அண்ணன்