கையிருப்பு ஹாப்ஸை வைத்து ஒரு பேல் ஏல்

கேள்வி: 20 லிட்டர் பேல் ஏல் (வெளிர்நிற பியர் வகை) காய்ச்சப் போகிறேன். பியருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூக்களில் மூன்று வகை கையில் உள்ளன: மேக்னம் 30 கிராம் (கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலம் 12%), சென்டெனியல் 50 கிராம் (10%), கேஸ்கேட் 90 கிராம் (6%). கேஸ்கேட் பொட்டலத்தைப் பிரித்து ஆறு மாதம் ஆகிறது. எதை, எப்போது, எவ்வளவு போடுவது?

பதில்: முதலில் கேஸ்கேட்டை முகர்ந்து பாருங்கள். அறை வெப்பத்தில் ஆறு மாதம் கிடந்தால் அதன் ஆல்ஃபா அமிலத்தில் பாதி போயிருக்கும். காற்றுப் புகாமல் ஃப்ரீசரில் இருந்திருந்தால் கவலையில்லை, 5% என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். பாலாடைக்கட்டி வாடையோ வியர்வை வாடையோ வந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். பழசைக் கசப்புக்குப் போட்டுத் தீர்த்துவிடலாமே என்று பலர் நினைப்பார்கள். கசப்புக்குத்தான் நம்பகமான எண் வேண்டும். பொட்டலத்தில் அச்சிட்ட 6% இப்போது வெறும் ஊகம்.

ஆகவே கசப்பின் சுமையை மேக்னம் ஏற்கட்டும். ஆரம்ப அடர்த்தி (நொதிக்கும் முன் உள்ள சர்க்கரைக் கரைசலின் அடர்த்தி; தண்ணீருக்கு 1.000) 1.050 உள்ள பேல் ஏலுக்கு 35 ஐபியூ (கசப்பை அளக்கும் அலகு) அளவாக இருக்கும். கணக்கு எளிது: ஹாப்ஸின் கிராம் × ஆல்ஃபா × பயன்பாட்டு விகிதம் (ஆல்ஃபா அமிலத்தில் கசப்பாகப் பியரில் சேரும் பங்கு) × 1000 ÷ லிட்டர். இந்த அடர்த்தியில் 60 நிமிடக் கொதிக்கு விகிதம் 0.23, 10 நிமிடத்துக்கு 0.084, 5 நிமிடத்துக்கு 0.046. மேக்னம் 15 கிராமை 60 நிமிடம் கொதிக்க விட்டால் 15 × 0.12 × 0.23 × 1000 ÷ 20, ஏறக்குறைய 21 ஐபியூ. கொதி முடிய 10 நிமிடம் இருக்கையில் சென்டெனியல் 20 கிராம், அது 8. ஐந்து நிமிடம் இருக்கையில் கேஸ்கேட் 30 கிராம், அதிகம் போனால் 4. அடுப்பை அணைத்து, 80 டிகிரிக்கு ஆறியதும் சென்டெனியல் 30, கேஸ்கேட் 20 கிராம் போட்டு 20 நிமிடம் ஊற விடுங்கள். இதில் கசப்பு சிறிதே ஏறும், வாசனைதான் வரவு. மீதி 40 கிராம் கேஸ்கேட் டிரை ஹாப்புக்கு, அதாவது நொதித்தல் முடிந்தபின் கொதிக்க வைக்காமல் போடுவதற்கு. மேக்னத்தில் 15 கிராம் மிஞ்சும். இருக்கிறதே என்று அதையும் கொட்டினால் கசப்பு 55ஐத் தாண்டி, மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சுவை அமுங்கிப்போகும்.

கேஸ்கேட்டைக் கழிக்க நேர்ந்தால் மேக்னத்தை 18 கிராமாக்கி, சென்டெனியலின் 30 கிராமை டிரை ஹாப்புக்கு ஒதுக்குங்கள். வாசனை சற்று அடக்கமாக இருக்கும், பியர் கெட்டுவிடாது.

மால்ட்டில் அதிகம் யோசிக்க வேண்டாம். பேல் மால்ட் 4.5 கிலோ, நடுத்தர நிற கிரிஸ்டல் மால்ட் 350 கிராம் போதும். மால்ட்டிலிருந்து சர்க்கரையை எடுக்கும் திறன் 70% என்றால் 1.050 கிடைக்கும். கிரிஸ்டலை அரைக் கிலோவுக்கு மேல் ஏற்றினால் கேரமல் இனிப்பு ஹாப்ஸின் வாசனையை மூடிவிடும். மேஷ் (மால்ட்டை வெந்நீரில் ஊறவைப்பது) 66 டிகிரியில் ஒரு மணி நேரம். கொதி தொடங்கும்போது 24 லிட்டர் இருந்தால் முடிவில் 20 நிற்கும். உங்கள் தண்ணீர் மென்னீராக இருந்தால் மால்ட் உறிஞ்சுவதையும் சேர்த்து மொத்தம் 29 லிட்டர் தண்ணீருக்கு 4 கிராம் ஜிப்சம் சேருங்கள்; கசப்பு நாக்கில் தங்கி வழியாமல் நறுக்கென முடியும்.

யுஎஸ்-05 போன்ற நடுநிலை ஈஸ்ட் 11 கிராம், 18 முதல் 20 டிகிரி. அடர்த்தி 1.011 அருகே வந்து நின்றபின் டிரை ஹாப் போட்டு மூன்று, நான்கு நாள் விடுங்கள். மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். உள்ளே போகும் ஆக்ஸிஜன் சில வாரங்களில் வாசனையைத் தின்றுவிடும்.

பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். ஹாப்ஸில் உள்ள நொதிகள், ஈஸ்ட்டால் தின்ன முடியாமல் மிஞ்சிய டெக்ஸ்ட்ரினைச் சர்க்கரையாக உடைக்கும். நின்ற நொதித்தல் மறுபடி கிளம்பும். அவசரப்பட்டு பாட்டிலில் அடைத்தால் நுரை பொங்கும், பாட்டில் வெடிக்கவும் செய்யும். இரண்டு நாள் இடைவெளியில் எடுத்த இரு அடர்த்தி அளவீடுகளும் ஒன்றாக இருந்தால் மட்டும் லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை சேர்த்து அடையுங்கள். இரண்டு வாரம் அறை வெப்பத்தில் வைத்துவிட்டு, முதல் பாட்டிலைக் குளிரவைத்துத் திறக்கலாம்.